சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு: மீன்பிடித் தடையின் பின்னால் உள்ள உயிரியல்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு இந்தத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தடை என்று செய்திகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. கேள்விகளோ அந்த வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டே மாதத்தில் கடலில் உள்ள மீன்கள் அத்தனையும் முட்டையிட்டு முடித்துவிடுமா? தடை முடிந்து வலை இறங்கியதுமே குஞ்சு மீன்கள் கூடை கூடையாக வந்து இறங்குகின்றனவே, அவை எப்போது வளர்வது? நெத்திலியைப் பிடிக்கலாம், அதே நீளமுள்ள வஞ்சிரக் குஞ்சைப் பிடிக்கக் கூடாது என்றால் அதில் என்ன நியாயம்?

இவை அனைத்தும் வந்து சேரும் இடம் ஒன்று: ஓர் உயிர் தன் வாழ்நாளின் எந்தக் கட்டத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது என்பது. அது இனத்துக்கு இனம் வேறுபடும். அதைக் கணக்கில் எடுக்காத எந்தக் கட்டுப்பாடும் பாதிதான் பலன் தரும்.

வளர்வதும் முதிர்வதும்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரும்பாலான கடல்மீன்களின் வாழ்க்கை இந்த வரிசையில் நகர்கிறது:

1. முட்டை. நம் வெப்பக் கடல்களில் மத்தி போன்ற மீன்களின் முட்டை ஏறத்தாழ ஒரு நாளிலேயே பொரிந்துவிடும்.
2. லார்வா. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடல். தொடக்கத்தில் மஞ்சள்கருவை உண்டு வாழும், பிறகு நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்னும். நீரோட்டம் இழுத்த திசையில் போகும். இந்தக் கட்டத்தில்தான் மிகப் பெரும்பாலானவை இறக்கின்றன.
3. இளமீன். பேச்சில் குஞ்சு மீன் என்கிறோம். துடுப்பு, செதில் எல்லாம் வந்து உருவத்தில் தாயைப் போலவே இருக்கும். சினைப்பையோ விந்துப்பையோ இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது.
4. முதிர்மீன். முட்டையோ விந்தோ உருவாக்கும் திறன் பெற்றது.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் உள்ள கோடுதான் இனப்பெருக்க முதிர்ச்சி. தின்னும் இரையிலிருந்து கிடைக்கும் ஆற்றலை ஒரு மீன் இரண்டு வழிகளில் செலவிடலாம்: உடலை வளர்க்கலாம், அல்லது சினையை வளர்க்கலாம். சீக்கிரம் முதிரும் மீனுக்கு, இறப்பதற்குள் ஒருமுறையாவது முட்டையிட்டுவிடும் வாய்ப்பு அதிகம். ஆனால் உடல் சிறிதாகவே நின்றுவிடுவதால் முட்டைகள் குறைவு. தாமதமாக முதிரும் மீனுக்கு உடல் பெரிது, முட்டைகள் மிக அதிகம். ஆனால் அந்த நாள்வரை பிழைத்திருக்க வேண்டும். எதிரிகள் அதிகமுள்ள சூழலில் வாழும் இனங்கள் முதல் வழியிலும், வளர்ந்த பின் எதிரிகள் குறைந்துவிடும் இனங்கள் இரண்டாவது வழியிலும் போயிருக்கின்றன. நெத்திலி ஓராண்டுக்குள் வாழ்க்கையின் பெரும்பகுதியை முடித்துவிடும். மறுகோடியில், வடக்கு அட்லாண்டிக்கில் வாழும் கிரீன்லாந்து சுறா முதிர்ச்சியடையவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

முதிர்ந்துவிட்டதை எப்படி அறிகிறார்கள்?

வெளியிலிருந்து பார்த்தால் பல இனங்களில் தெரியாது. வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும். இளமீனில் சினைப்பை இருக்கும் இடத்தில் முதுகெலும்பை ஒட்டி இரண்டு மெல்லிய நூல்கள்தான் தெரியும், நிறமும் இராது. முதிரத் தொடங்கியதும் அவை தடித்து மஞ்சளாகும், உள்ளே மணல் போன்ற நெருநெருப்பு கண்ணுக்குத் தெரியும். நன்கு முற்றிய சினை வயிற்றறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். முட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து, ஒளி ஊடுருவும்படி தெளிந்துவிடும். வயிற்றை மெல்ல அழுத்தினாலே வெளியே வரும். முட்டையிட்டு முடித்த மீனில் அதே பை தளர்ந்து, சுருங்கி, இரத்தச் சிவப்பேறிக் கிடக்கும்.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகள் மீன்பிடித் துறைமுகங்களில் மாதந்தோறும் மீன்களை வாங்கி, நீளத்தை அளந்து, சினையின் நிலையைக் குறித்துக்கொள்கின்றன. 1947இல் தொடங்கப்பட்டு, முன்பு மண்டபத்திலும் இப்போது கொச்சியிலும் இருக்கும் இந்நிறுவனத்தின் அடிப்படைப் பணிகளில் இது ஒன்று. சேர்ந்த கணக்கிலிருந்து ஒரு நீளத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்: அந்த நீளமுள்ள மீன்களில் சரிபாதி முதிர்ந்திருக்கும். இதற்கு முதல் முதிர்ச்சி நீளம் என்று பெயர். அதற்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை ஒருமுறைகூட முட்டையிடாதவை.

வயதை விட்டுவிட்டு நீளத்தை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தில் இருப்பது போலவே, ஆண்டு வளையங்கள் விழும். குளிர்க்கடல்களில் அவை தெளிவாக இருக்கும். கோடையும் குளிரும் பெரிதாக வேறுபடாத நம் கடல்களில் வளையங்கள் மங்கலானவை. மேலும், படகில் நிற்கும் மீனவருக்கும் சோதனைக்கு வரும் அதிகாரிக்கும் வயது கையில் அகப்படாது. நீளத்தை ஓர் அளவுகோல் சொல்லிவிடும்.

முட்டையின் மதிப்பும் இளமீனின் மதிப்பும்

விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பெண்மீன் தன் வாழ்நாளில் லட்சக்கணக்கான முட்டைகளை இடலாம். அவற்றில் சராசரியாக இரண்டே இரண்டு பிழைத்து முதிர்ந்தால் போதும், தாய்க்கும் தந்தைக்கும் ஈடாகிவிடும், அந்த இனத்தின் எண்ணிக்கை குறையாது. லட்சத்தில் இரண்டுதான் தேவை என்றால், குஞ்சு மீன்களைப் பிடித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்த வாதம் ஒரு தவறான கணக்கின் மேல் நிற்கிறது.

முட்டைக்கும் இளமீனுக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. கைநீளம் வளர்ந்த ஒரு வஞ்சிரக் குஞ்சு, தன்னுடன் பிறந்த ஆயிரமாயிரம் உயிர்கள் அழிந்த கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டது. இனி அது முதிர்ந்து முட்டையிடும் வாய்ப்பு, ஒரு முட்டைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பிரிட்டிஷ் உயிரியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1930இல் இதற்கு இனப்பெருக்க மதிப்பு என்ற கருத்தை முன்வைத்தார்: இந்த வயதில் இருக்கும் ஓர் உயிர், இனி தன் இனத்துக்கு எத்தனை வாரிசுகளைத் தரும் என்று எதிர்பார்க்கலாம்? பிறந்தபோது அந்த மதிப்பு குறைவு. ஒவ்வோர் ஆபத்தையும் கடக்கக் கடக்க ஏறுகிறது. முதல் இனப்பெருக்கத்தை ஒட்டிய காலத்தில் பொதுவாக உச்சத்தைத் தொடுகிறது. முதுமையில் இறங்குகிறது.

அப்படியானால், முதன்முறை முட்டையிடுவதற்குச் சற்று முன்னால் ஒரு மீனைப் பிடிப்பதுதான் இனத்துக்கு மிகப்பெரிய இழப்புகளில் ஒன்று. வளர்ந்த மீனோடு ஒப்பிட்டால் குஞ்சின் எடையும் விலையும் மிகக் குறைவு. அரை கிலோவைக்கூட எட்டாத வஞ்சிரக் குஞ்சு சந்தையில் சொற்ப விலைக்குப் போகிறது. அதை விட்டிருந்தால் பல கிலோ எடையுள்ள மீனும் கிடைத்திருக்கும், அதன் வாரிசுகளும் கடலில் இருந்திருக்கும்.

முதிர்ந்த பிறகும் எல்லாத் தாய்மீன்களும் சமமல்ல. உடல் பெரிதாகும்போது முட்டைகளின் எண்ணிக்கை எடையைவிட வேகமாக ஏறுகிறது. 30 கிலோ எடையுள்ள ஓர் அட்லாண்டிக் கோட் மீன், 2 கிலோ எடையுள்ள 28 பெண்மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டைகளை இடும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. ஆகவே குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரியவற்றை எல்லாம் பிடித்துவிடலாம் என்ற முடிவுக்கும் போக முடியாது.

ஒரே நீளம், வேறு வேறு பருவம்

இப்போது நெத்திலிக்கும் வஞ்சிரத்துக்கும் வருவோம்.

1. நெத்திலியின் சிறு வகைகள் 6 செ.மீ. அளவிலேயே முதிர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். விரல்நீள நெத்திலி ஒரு தாய்மீனாக இருக்கலாம்.
2. மத்தியில் பாதி முதிர்வது ஏறத்தாழ 15 செ.மீ. அளவில். முதல் ஆண்டிலேயே அந்த நீளத்தை அடைந்துவிடும்.
3. வஞ்சிரம் முதிர ஏறத்தாழ 70 செ.மீ. வளர வேண்டும். முழங்கை நீளத்தில் கையில் இருக்கும் வஞ்சிரம் இன்னும் குழந்தைதான்.

கேரளம் 2015இல் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கத் தொடங்கியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. பதினான்கு இனங்களில் தொடங்கிய பட்டியல் பின்னர் 58ஆக விரிந்தது. அதன்படி மத்திக்கு 10 செ.மீ., அயலை எனப்படும் காணாங்கெளுத்திக்கு 14 செ.மீ., வாளைக்கு 46 செ.மீ. பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு 45 செ.மீ. வாளை குற்றம், 11 செ.மீ. மத்தி குற்றமில்லை என்பது முரணாகத் தோன்றும். பருவத்தை வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. அதே நேரத்தில், மத்திக்கான சட்ட அளவு அதன் முதல் முதிர்ச்சி நீளத்தைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே வலையில் பத்து இனங்கள் சேர்ந்து விழும் கடலில் ஒவ்வொன்றுக்கும் முழு அளவை வற்புறுத்தினால் எந்தப் படகும் தொழில் செய்ய முடியாது. சட்டத்தில் உள்ள எண் அறிவியலும் நடைமுறையும் செய்துகொண்ட சமரசம். அதையும் மீறுகிறார்கள் என்பதுதான் வேதனை.

மத்தியின் கதை கேரளத்துக்கு மறக்க முடியாதது. 2012இல் அங்கே கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் 4,000 டன்கூட இல்லை. எல் நினோவால் கடல் வெப்பமடைந்ததும் இரை குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. முதிராத மத்தியைப் பெருமளவில் அள்ளியதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இயற்கை கைவிடும் ஆண்டில் இனத்தைத் தாங்கிப் பிடிப்பவை முந்தைய ஆண்டு விட்டுவைத்த இளமீன்களே.

இறாலின் கண்காம்பில் இருக்கும் தடை

முதிர்ச்சியை உடலுக்குள் எது தொடங்கி வைக்கிறது என்பதை இறால் பொரிப்பகங்களில் கண்ணால் பார்க்கலாம்.

கடல் இறால் ஆழ்கடல் பக்கம் போய் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிந்து வருவது நாப்ளியஸ் என்னும் நுண்ணிய லார்வா. அது எதையும் தின்பதில்லை, மஞ்சள்கருவே உணவு. அடுத்து பாசிகளைத் தின்னும் கட்டம், அதற்கடுத்து மைசிஸ் என்னும் தலைகீழாக மிதக்கும் கட்டம். பிறகு பின்லார்வாவாகிக் கழிமுகங்களைத் தேடி வரும். பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களின் சேறும் அலையாத்தி வேரும் அவற்றுக்கு வளர்ப்பிடம். அங்கே இளம் இறாலாக வளர்ந்து, முதிர்வதற்கு மீண்டும் கடலுக்குப் போகும். கழிமுகத்தின் வாயில் அடைபட்டாலோ நெருக்கமான வலை குறுக்கே நின்றாலோ இந்தச் சுற்று அங்கேயே அறுந்துவிடும்.

அடைத்து வளர்த்த பெண் இறால் பல வேளைகளில் எவ்வளவு பெரிதானாலும் சினை வைக்காது. அதன் கண்காம்புக்குள் உள்ள சுரப்பி சினை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் ஒன்றைச் சுரந்துகொண்டே இருக்கும். சாதகமான சூழல் வரும்வரை உடலைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு அது. கண்காம்பை அகற்றினால் சினை வளர்கிறது என்று 1943இல் பனூஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். அதன் பின் உலகெங்கும் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ வெட்டியோ முதிரச் செய்வது வழக்கமானது. சில நாட்களில் முதுகோட்டின் வழியே பச்சையாகச் சினை தெரியும். கொடூரமான முறை, இதைத் தவிர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன, நடக்கத்தான் வேண்டும். ஆனால் அது உணர்த்தும் உண்மை முக்கியமானது: முதிர்ச்சியை உடல் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, வெளிச்சூழலின் சைகைக்கு ஹார்மோன் தரும் அனுமதியும் வேண்டும். பருவமழை, நீரின் உப்பு, வெப்பம், இரை எல்லாம் அந்தச் சைகைகளே.

ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும் கொடுவா

கொடுவா மூன்று, நான்கு வயதில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, 85 முதல் 100 செ.மீ. வளர்ந்த பின், பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. பெரிய கொடுவாக்களை மட்டும் குறிவைத்துப் பிடித்தால் போவது கிட்டத்தட்ட முழுவதும் பெண்கள். களவா இதற்கு நேர்மாறு: முதலில் பெண், பின்னர் ஆண். அங்கே பெரிய மீன்களை அள்ளினால் ஆண்கள் தட்டுப்படாமல் போகும். கீழெல்லை மட்டும் வைத்த விதி இவற்றைக் காக்காது, மேலெல்லையும் தேவைப்படும்.

முட்டைகளை மட்டும் காத்தால் போதுமா?

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அப்போது பலர் கேட்டது: ஆண்டுதோறும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறோமே, அது ஈடுசெய்யாதா?

ஈடுசெய்யாது. ஒரு பங்குனி ஆமை முதிர ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். கரைக்கு முட்டையிட வந்து இறந்தவை அத்தனை ஆண்டுகளின் ஆபத்துகளையும் தாண்டியவை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் முட்டையிடும் பெருந்தலை ஆமைகளை வைத்து குரூஸ், குரௌடர், காஸ்வெல் ஆகிய மூவர் 1987இல் ஒரு கணக்கீட்டை வெளியிட்டார்கள். ஆமையின் வாழ்வை ஏழு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் இறப்பைக் குறைத்தால் இனம் மீளும் என்று பார்த்தார்கள். முதல் கட்டத்தில் ஒன்றுகூடச் சாகாமல் காத்தாலும் அந்த இனம் தேய்ந்துகொண்டே போகும் என்று வந்தது. பெரிய இளம் ஆமைகளின் இறப்பைக் குறைத்தால்தான் எண்ணிக்கை ஏறும். அந்த ஆமைகள் செத்துக்கொண்டிருந்தது இறால் இழுவை வலைகளில்.

வலையில் சிக்கிய ஆமை தப்பிப் போக உதவும் கம்பிச் சட்டத்தைப் பொருத்தும் விதிக்கு இந்தக் கணக்கு பெரும் வலு சேர்த்தது. வலைகளில் அந்தக் கம்பிச் சட்டம் இல்லை என்பதால், இந்தியக் கடல்களில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. முட்டைகளைக் காக்க 1970களிலிருந்தே சென்னைக் கடற்கரையில் இரவுதோறும் நடக்கும் இளைஞர்களின் உழைப்பு மதிப்புமிக்கது. அது வீணாகாமல் இருக்க, வளர்ந்த ஆமை மூச்செடுக்க மேலே வர வழி வேண்டும்.

முதிர்ச்சி வயதே இறங்கும்போது

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் கோட் மீன்வளம் சரிந்து, 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. 30,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். பழைய பதிவுகளை 2004இல் ஆராய்ந்தவர்கள், சரிவுக்கு முன்பே ஓர் அடையாளம் தெரிந்திருந்ததைக் கண்டார்கள். பெண்மீன்களில் பாதி முதிரும் வயது ஆறிலிருந்து ஐந்தை நோக்கி இறங்கியிருந்தது. தாமதமாக முதிரும் மீன்கள் முட்டையிடுமுன்பே வலையில் போய்விட, சீக்கிரம் முதிரும் பரம்பரை மட்டும் மிஞ்சியது. அத்தகைய மீன்கள் சிறியவை, முட்டைகளும் குறைவு. மீன்பிடிப்பை நிறுத்தினாலும் பரம்பரையில் பதிந்த மாற்றம் உடனே திரும்பாது.

தடைக்காலம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

நம் கடல் மீன்கள் பலவும் ஆண்டின் பல மாதங்களில் தவணை தவணையாக முட்டையிடுபவை. மேற்குக் கரையின் மத்திக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம் உச்சம், வேறு இனங்களுக்கு வேறு மாதங்கள். 61 நாள் தடை எல்லாவற்றின் முட்டைக் காலத்தையும் மூடிவிடாது. அது தரும் உறுதியான நன்மை, இரண்டு மாதம் இழுவை வலைகள் கடலடியைக் கிளறாமல் இருப்பதும் முட்டையிட வந்த மீன்களில் ஒரு பகுதி தப்புவதும்தான். தடை முடிந்த மறுவாரமே, அந்த இடைவெளியில் வளர்ந்த இளமீன்களை அள்ளினால் தடையின் பலன் கரைக்கு வந்து கொட்டப்படுகிறது.

நீள விதி அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. சிங்கி இறாலுக்கு ஏற்றுமதியில் எடை விதி 2003 முதல் இருக்கிறது; ஒரு வகைக்கு 200 கிராம், இன்னொன்றுக்கு 300, மற்றொன்றுக்கு 500. ஆனால் நீளத்தையும் எடையையும் சோதிப்பது துறைமுகத்தில். அங்கே வந்து சேரும்போது மீன் செத்திருக்கும். திருப்பிக் கடலில் போட்டாலும் பயனில்லை.

அதனால்தான் வலையின் கண்ணி, அதாவது நூல்களுக்கு இடையிலான துளை, முக்கியமாகிறது. இழுவை வலையின் கடைப்பகுதியில் வழக்கமான சாய்சதுரக் கண்ணி, இழுவிசை ஏறியதும் நீண்டு மூடிக்கொள்ளும். விதிப்படி பெரிய கண்ணி வைத்திருந்தாலும் குஞ்சுகள் வெளியேற வழியிருக்காது. அதே நூலைச் சதுரக் கண்ணியாகக் கட்டினால் இழுக்கும்போதும் திறந்தே இருக்கும். மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் பல ஆண்டுகளாக இதைப் பரிந்துரைத்து வருகிறது. செலவு பெரிதில்லை. தயக்கத்துக்குக் காரணம், தப்பிப்போகும் குஞ்சுகளுக்கும் வாங்க ஆள் இருப்பதுதான். கழிவு மீன் என்ற பெயரில் அவை மீன்தூள் ஆலைகளுக்குப் போய்க் கோழித் தீவனமாகவும் இறால் தீவனமாகவும் மாறுகின்றன. டீசல் செலவில் ஒரு பங்கையாவது அந்தக் கூடைகள் ஈடுகட்டுகின்றன என்னும் நிலையில், கண்ணியை மாற்றச் சொல்லும் அரசு அந்த வருமானத்துக்கு மாற்றையும், ஆலைகள் வாங்கும் மீனின் அளவுக்கு ஒரு கணக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும்.